முன்னணை வெறுமையாய் இருந்த நத்தார்

காய்ந்த வைக்கோலின் மணம் எனக்கு அறுவடையை நினைவூட்டுவதில்லை, மழையைத்தான் நினைவூட்டுகிறது. மார்கழியில், வீட்டுச் சுவர் கசிந்து, அலுமாரிக்குள் மடித்து வைத்த சட்டைகூடப் பூஞ்சணம் நாறி, அடுப்பில் ஈர விறகு கண்ணெரியப் புகைந்துகொண்டிருக்கும் நாட்களில், எங்கள் கோயிலின் பக்கக் கதவைத் தள்ளியதும், ஊரில் வெயில் மிச்சமிருந்த ஒரே இடம் அதுதான் என்பதுபோல ஒரு மணம் வந்து மூக்கில் ஏறும். அது நத்தாருக்கு, கிறிஸ்து பிறப்புக்கு, எழுப்பிய பாலன் குடிலில் பரப்பியிருந்த வைக்கோல்.

அந்தக் குடிலின் கறுப்பு வெள்ளைப் படமொன்று அம்மாவின் செபப் புத்தகத்துக்குள் இருந்தது. அவர் இறந்த பிறகு என் கைக்கு வந்தது. பின்பக்கத்தில் நீல மையில் "பாலன் குடில், 24.12" என்று எழுதியிருக்கிறது. அதற்கடுத்து ஆண்டு இருந்திருக்க வேண்டிய மூலையைப் பூச்சி அரித்துவிட்டது. எழுத்து எங்களுக்கு ஞானோபதேசம் படிப்பித்த சிஸ்டருடையது; அந்த வட்டமான எழுத்தை எங்கே கண்டாலும் எனக்குத் தெரியும். ஆண்டுதான் பிடிபடவில்லை. எதற்கும் திகதி குறித்து வைக்கும் பிடிவாதம் உள்ள எனக்கு இது சிறிய வேதனை அல்ல. படத்தில் தெரியும் கூரை புதிது, ஆகவே எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்குப் பிந்தியது. நான் அப்போது ஐந்தாம் வகுப்புக்கு வரவில்லை, ஆகவே எண்பதுகளின் தொடக்கத்தைத் தாண்டியிராது. அந்த இடைவெளிக்குள் எந்த ஆண்டில் நத்தாருக்கு முன் வெள்ளம் வந்தது என்று ஊரில் விசாரித்தால், ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஆண்டைச் சொல்கிறார்கள், எல்லோரும் ஒரே உறுதியோடு.

ஆண்டைவிட என்னைக் குழப்புவது படத்தின் நடுவில் இருப்பது. மாதாவும் சூசையப்பரும் நிற்கிறார்கள். சுண்ணத்தில் செய்த மாட்டுச் சுருவமும் கழுதைச் சுருவமும் படுத்திருக்கின்றன. நடுவில், பாலனைக் கிடத்தும் முன்னணை வெறும் பலகையாகக் கிடக்கிறது. ஒரு துரும்பு வைக்கோல்கூட அதில் இல்லை.

எங்கள் ஊர் தன்னாமுனைக்கு அப்பால், ஏறாவூருக்குப் போகும் தெருவிலிருந்து வாவிப் பக்கமாக இறங்கினால் வரும் சிற்றூர். கோயிலைச் சுற்றிக் கத்தோலிக்கக் குடும்பங்கள். தெருவுக்கு மற்றப் பக்கம் வயல் வட்டையும், அதன் விளிம்பில் முருகனைக் கும்பிடுகிற கமக்காரக் குடும்பங்களும். நத்தாருக்கு நான்கு கிழமைக்கு முன், திருவருகைக் காலம் தொடங்கும் ஞாயிறன்று எங்கள் கோயிலில் குடிலின் சட்டகம் எழும்பும். தச்சர் ஒருவர் செய்து கொடுத்த கன்றுக்குட்டி படுக்கக்கூடிய அளவுப் பெரிய முன்னணையை வெறுமையாக அதற்குள் வைப்பார்கள். பக்கக் கதவடியில் சாக்குகளில் வைக்கோல் இருக்கும். யாருக்காவது ஓர் உதவி செய்த பிள்ளை வந்து, சாக்கிலிருந்து ஒரு பிடி எடுத்து முன்னணைக்குள் போட வேண்டும். இதற்குப் "பாலனுக்கு மெத்தை போடுறது" என்று பெயர். நத்தாருக்குள் மெத்தை நிரம்பிவிட வேண்டும். சிஸ்டர் விதித்த சட்டம் ஒன்றுதான்: என்ன உதவி செய்தாய் என்று ஒருவருக்கும் சொல்லக் கூடாது.

"சொன்னா அந்தப் பிடி பாலனுக்குச் சேராது," என்பார் சிஸ்டர்.

ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லோரும் உதவி செய்யக் கிளம்பிவிட்டால் உதவி பெறுகிறவர்களுக்குத் தட்டுப்பாடு வந்துவிடும் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் தனியாக இருந்த ஒரு மாமியின் விறகை, மழையில் நனையாத இடத்துக்கு மாற்றி வைக்கிறோம் என்று, ஒரே கிழமையில் பல பிள்ளைகள் பல இடங்களுக்கு மாற்றினார்கள். கடைசியில் அவர் வாசலில் நின்று சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது: "மக்காள், உங்கட புண்ணியத்தில என்ர விறகு எங்க கிடக்கெண்டு எனக்கே தெரியாது. நத்தார் முடியுமட்டும் இந்த வளவுக்குள்ள கால் வைக்காதீங்க." நாங்கள் போய்விட்டோம். அப்படிப் போனதையும் ஓர் உதவியாகக் கணக்கெடுத்து ஒருத்தி ஒரு பிடி போட்டாள்.

இந்த வைக்கோல் வேலையை மேற்பார்வை பார்த்தவர் கோயில் உதவிக் குழுவின் தலைவர் சவிரிமுத்து மாஸ்டர். ஓய்வுபெற்ற ஆசிரியர், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, எதற்கும் ஒரு முறை வேண்டும் என்பவர். அவருக்கு "இழுப்பு" இருந்தது. வைக்கோல் தூசு பட்டால் மூச்சு வாங்கும். ஆகையால் கதவுக்கு வெளியே நின்று, லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆளுக்கு ஒரு பிடி. அள்ளிக்கொண்டு ஓடப்படாது," என்று சொல்லிக்கொண்டிருப்பார். எங்களில் துடுக்கானவர்கள் அவரைப் போலவே மூக்கைப் பொத்திக்கொண்டு பேசிக் காட்டுவார்கள். அவருக்கு அது தெரியும் என்றே நினைக்கிறேன்.

அந்த ஆண்டு வைக்கோல் வந்தது வள்ளிப்பிள்ளை மாமியிடமிருந்து. வட்டையின் மற்றப் பக்கம் மண் வீடொன்றில் தனியாக இருந்த விதவை, பிள்ளைகள் இல்லை, ஒரு துண்டு வயலும் ஒரு சிவலைப் பசுவும்தான் அவருடைய சொத்து. ஏறாவூரில் ஒரு தேத்தண்ணிக் கடைக்குப் பால் கொடுத்துத்தான் சீவியம். மழை தொடங்குவதற்கு முன் ஒருநாள் சிஸ்டர் வைக்கோல் கேட்டுப் போனபோது அம்மாவையும் கூட்டிப் போனார், நானும் பின்னால் போனேன். வீட்டைவிட உயரமாக வைக்கோல் போர் நின்றது. பசு சினையாக இருந்தது. சிஸ்டர் விலை கேட்க, வள்ளிப்பிள்ளை மாமி கையை விசிறினார்.

"குழந்தைப் புள்ளைக்குப் படுக்க எண்டு கேக்கிறீங்க. அதுக்கு என்ன விலை? மேல இருந்து உருவுங்க சிஸ்டர், கீழ ஈரமாக் கிடக்கும்."

"நீங்களும் வந்து குடில பாக்க வேணும்," என்றார் சிஸ்டர்.

"பாக்கிறன், பாக்கிறன். இவள் கண்டு போட்டிட்டாளெண்டா வந்து பாக்கிறன்," என்று பசுவைக் காட்டினார்.

அதற்குப் பிறகு மழை வந்தது. மட்டக்களப்பில் மாரி மழை புதினம் இல்லை. ஆனால் அந்த முறை அது விட்டு விட்டுப் பெய்யாமல் ஒரே மூச்சாகப் பெய்தது. வாவி நிரம்பிக்கொண்டே வந்தது. முகத்துவாரத்தில் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நிற்கும் மணல் மேட்டை வெட்டிவிட்டால் நீர் கடலுக்குப் போய்விடும். ஆனால் எப்போது வெட்டுவது என்பதில் நெல் விதைத்தவர்களுக்கும் மீன்பிடிப்பவர்களுக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு வாக்குவாதம் உண்டு, அந்த ஆண்டும் இருந்தது. அது முடியுமுன் வட்டை முழுவதும் வாவியாகிவிட்டது. பள்ளத்திலிருந்த குடும்பங்கள் பாய்களையும் சட்டி பானைகளையும் தலையில் சுமந்துகொண்டு எங்கள் கோயில் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தன.

வள்ளிப்பிள்ளை மாமி கடைசியாக வந்தார். தலையில் ஒன்றுமில்லை. ஒரு கையில் பசுவின் கயிறு. தோளில், வழியில் பிறந்த கன்று. வைக்கோல் போர் வெள்ளத்தோடு போய்விட்டது என்று அம்மாவிடம் சொன்னார், யாரோ ஒருவருடைய சாமான் தொலைந்ததைச் சொல்வதுபோல. பசுவை மண்டபத்து விறாந்தைத் தூணில் கட்டினார். அதைக் கட்டக் கூடாது என்று சிலர் சொன்னார்கள். சுவாமி, அதாவது எங்கள் பங்குக் குருவானவர், பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அது அனுமதியாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

வந்தவர்களுக்கு உதவிக் குழு பார்சல் கொடுத்தது. அரிசி, பருப்பு, சீனி, சவர்க்காரம், ஒரு சீத்தைச் சீலை. நத்தாருக்கு ஏழைகளுக்குக் கொடுக்கவென்று முன்பே சேர்த்திருந்ததைத்தான் இப்போது பிரித்தார்கள். அம்மா குழுவில் இருந்ததால் நானும் பருப்பை உறைகளில் அடைத்தேன். "நத்தார் எண்டது எங்களுக்கில்ல மகள், இல்லாததுகளுக்குத்தான்," என்று அம்மா அடிக்கடி சொல்வார். அந்த வாக்கியம் எனக்கு அதுவரை தெளிவாகவே இருந்தது. இல்லாதவர்கள் ஒரு பக்கம், நாங்கள் மற்றப் பக்கம், நடுவில் பார்சல். ஆனால் இரண்டு மாதத்துக்கு முன் விலை வேண்டாம் என்று கையை விசிறிய வள்ளிப்பிள்ளை மாமி வரிசையில் வந்து என் எதிரில் நின்றபோது, அவரை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பார்சலை நீட்டினேன். "தாங்க மகள்," என்று இரண்டு கையாலும் வாங்கினார்.

அன்று பின்னேரமே கதை பரவியது. வள்ளிப்பிள்ளை மாமி பார்சல் அரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சி, வாளியில் ஊற்றி, பசுவுக்கு வைத்துவிட்டார். பார்த்தவர்கள் பார்க்காதவர்களுக்குச் சொன்னார்கள். "நாங்க புள்ளையளுக்குக் குடுக்காம ஒதுக்கி வச்ச அரிசி கா. அவ வாளியில ஊத்துறா," என்று ஒருவர் அம்மாவிடம் வந்து சொல்ல, அம்மாவின் முகம் கறுத்தது. அம்மாவுக்குக் கோபம் வந்தால் பேசமாட்டார்; பாத்திரம்தான் பேசும். அன்றைக்கு எங்கள் வீட்டில் நிறையப் பாத்திரம் பேசியது.

மறுநாள் சவிரிமுத்து மாஸ்டர் விறாந்தைக்கு வந்தார். பசுவிலிருந்து எட்டி நின்று, லேஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

"தங்கச்சி, இது மனிசருக்கு எண்டு சனத்திட்டச் சேர்த்த சாமான். மாட்டுக்கு வச்சா நாளைக்கு நான் அவங்களுக்கு என்ன பதில் சொல்லுற?"

"எனக்கெண்டு தந்ததுதானே மாஸ்டர்?"

"ஓம், நீங்க சாப்பிட."

"நான் திண்டா இண்டைக்கு முடிஞ்சிரும். இவள் திண்டா கண்டுக்குப் பால், மறுகா கடைக்குப் பால், அதுக்குப் பிறகு எனக்குச் சோறு. நானும் சுத்திக்கொண்டு வந்து அதைத்தான் திங்கப் போறன்."

"கதை சரிதான். ஆனா ஒரு முறை எண்டு இருக்குதானே."

"உங்கட முறையில மாட்டுக்குப் பார்சல் இல்லையா மாஸ்டர்?" என்று அவர் கேட்டதும், பாயில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. பசுவைப் பார்த்தார். அதன் இடுப்பெலும்பு தோலுக்கு வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. கன்று மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டு நின்றது. "பாப்பம்," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் "இல்லை" என்றுதான் பொருள் கொள்வார்கள்.

புல் எல்லாம் தண்ணீருக்குள். சுற்றிலும் எந்த ஊரிலும் காய்ந்த தீன் இல்லை. கோயிலில் மிச்சமிருந்த வைக்கோல் சாக்குகளை, சிமெந்துத் தரையின் குளிர் தாங்காத வயதாளிகளின் பாய்க்கு அடியில் பரப்பியாகிவிட்டது. அது நனைந்து மக்கிக் கிடந்தது. அப்போதுதான் மாட்டுத் தரகர் ஒருவர் தோணியில் வந்தார். வெள்ளக் காலத்தில் வருவது அவருக்கு வழக்கம். பசுவின் பல்லைப் பார்த்து, ஒரு விலை சொன்னார். வழக்கமான விலையில் அது ஒரு சிறு பங்குதான் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள்.

"நாளைக்குப் பின்னேரம் திரும்ப வாறன் அக்கா. இன்னும் மெலிஞ்சா மறுகா நானும் வாங்க மாட்டன். யோசிச்சு வையுங்க," என்றார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை; உள்ளதைத்தான் சொன்னார். வள்ளிப்பிள்ளை மாமி கன்றின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். அதே நேரத்தில்தான் தோணிக்காரர், முகத்துவாரம் வெட்டத் தொடங்கியாகிவிட்டது என்ற செய்தியையும் கொண்டுவந்தார். இரண்டு மூன்று நாளில் தண்ணீர் இறங்கும். வரம்புப் புல் தலை காட்டும். அந்த இரண்டு மூன்று நாளைப் பசு தாண்ட வேண்டும். அவ்வளவுதான் கேள்வி, அது எனக்கே விளங்கியது.

அன்று மாலை வள்ளிப்பிள்ளை மாமி முன்பு சொன்னபடி குடிலைப் பார்க்க வந்தார். நான்தான் கூட்டிப்போனேன். முன்னணை நிறைய, விளிம்புக்கு மேலும் வைக்கோல் குவிந்து நின்றது. அவர் அதன் முன்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு வைக்கோல் தாளை எடுத்து முகர்ந்தார், மறுபடியும் அதே இடத்தில் வைத்தார்.

"நல்லாக் காய்ஞ்சிருக்கு," என்றார்.

மெழுகுதிரிகளை அடுக்கிக்கொண்டிருந்த சிஸ்டர் திரும்பினார். வள்ளிப்பிள்ளை மாமி முன்னணையைக் காட்டிக் கேட்டார்: "இது மாடு தின்னுற தொட்டிதானே சிஸ்டர்? இதுக்குள்ளயா புள்ளையக் கிடத்துற?"

பாட்டிலும் வாசகத்திலும் எத்தனையோ முறை "முன்னணை" என்று கேட்டும், அது ஏதோ ஒரு வகைத் தொட்டில் என்றே நான் நினைத்திருந்தேன்.

"ஓம். அவங்களுக்கு வேற இடம் கிடைக்கல்ல," என்றார் சிஸ்டர்.

"அப்ப மாடு எங்க திண்ட?"

சிஸ்டர் கையிலிருந்த மெழுகுதிரியை வைத்தார். "அதைப்பற்றி ஒண்டும் எழுதியில்ல," என்றார். இருவரும் சிரித்தார்கள். வள்ளிப்பிள்ளை மாமி கும்பிட்டுவிட்டு மண்டபத்துக்குப் போனார். அந்த வைக்கோலை அவர் கேட்கவில்லை. இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும். நான் பக்கத்திலேயே நின்றேன்.

வீட்டில் அம்மாவிடம் நான் கேட்டேன், அந்த வைக்கோலைப் பசுவுக்குக் கொடுத்தால் என்ன என்று. "அது பாலன்ர. ஊர்ப் புள்ளையள் எல்லாம் சேர்த்து வச்சது. குடுத்ததைத் திரும்ப எடுக்கிறதா?" என்றார் அம்மா. கொடுத்தவர் வள்ளிப்பிள்ளை மாமிதானே என்று நான் சொல்ல, "அவ பாலனுக்குக் குடுத்திட்டா. பாலன்ர சாமான் அது. படு," என்றார். எனக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் நன்றாகத் தூங்கினேன். குழப்பம் காலையில்தான் திரும்பி வந்தது.

மறுநாள் நத்தாருக்கு முந்திய நாள். மண்டபத்தில் சனம் இருந்ததாலும் மின்சாரம் இல்லாததாலும் நடுச்சாமப் பூசையைப் பின்னேரத்துக்கு மாற்றியிருந்தார்கள். காலையில் நாங்கள் கோயிலைக் கூட்டியபோது முன்னணையில் வைக்கோல் இருந்தது. மதியத்துக்குப் பிறகு, இறகு கட்டிச் சம்மனசு வேடம் போடும் சிறுமிகளைச் சிஸ்டர் பீடத்துக்குப் பின்னாலுள்ள சங்கிறித்தி அறைக்குள் வைத்துப் பாட்டுப் பழக்கிக்கொண்டிருந்தபோது, வெளியே மாஸ்டரின் குரல் கேட்டது. வழமையைவிட உரத்த குரல்.

"முன்னணை வெறுமையாக் கிடக்கு. ஆர் எடுத்த?"

ஓடிப்போய்ப் பார்த்தோம். பலகை துடைத்து வைத்ததுபோல இருந்தது. விறாந்தையில் சிவலைப் பசு, தலையைக் குனிந்து, அவசரமில்லாமல் மென்றுகொண்டிருந்தது. அதன் முன்னால் வைக்கோல் குவியல். கன்று மடியில் தொங்கிக்கொண்டிருந்தது. வள்ளிப்பிள்ளை மாமி மண்டபத்துக்குப் பின்னால் கிணற்றடியில் சீலை அலசிக்கொண்டிருந்தவர், சத்தம் கேட்டு ஈரக் கையோடு வந்தார். பசுவின் முன்னால் கிடந்ததைப் பார்த்து நின்ற அவருடைய முகத்தை நான் பார்த்தேன். எடுத்தவர் முகம் அப்படி இருக்காது.

பிள்ளைகளில் சிலர் அழுதார்கள். "என்ர பிடியும் போச்சு," என்று விறகு மாமி வளவை விட்டுப் போனதற்குப் பிடி போட்டவள்தான் எல்லோரிலும் உரக்க அழுதாள். பெரியவர்கள் கூடினார்கள். மாஸ்டர் திரும்பவும் கேட்டார், "ஆர் எடுத்த?"

அந்த நேரத்தில் சுவாமி, வாவிக்கு அக்கரையில் ஒரு நோயாளிக்கு நன்மை, அதாவது நற்கருணை, கொடுத்துவிட்டு, அங்கியின் அடி நனைந்தபடி உள்ளே வந்தார். முன்னணையைப் பார்த்தார், விறாந்தையைப் பார்த்தார்.

"நான்தான் எடுத்தன் மாஸ்டர். பூசைக்கு மணி அடியுங்க," என்றார்.

"இல்ல சுவாமி," என்றார் எனக்குப் பின்னால் நின்ற சிஸ்டர். "நான்தான்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "ரெண்டு பேரும் எடுக்கிறதுக்கு அதென்ன வைக்கல் போரா?" என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் மணி அடிக்கப் போய்விட்டார்.

தரகர் பூசைக்குச் சற்று முன் வந்தார். பசுவைப் பார்த்துவிட்டு, "ஆ, தீன் கிடைச்சிருக்குப் போல," என்றார். வள்ளிப்பிள்ளை மாமி, "ஓம். குடுக்கல்ல. போயிற்று வாங்க," என்றார். அவர் கோபிக்காமல் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் தோணி ஏறினார்.

பூசையில் சுவாமி பாலன் சுருவத்தைக் கொண்டுவந்து வெறும் பலகையில் கிடத்தினார். மற்ற ஆண்டுகளில் அது சத்தமில்லாமல் வைக்கோலுக்குள் அமிழ்ந்து போகும். அன்று சுண்ணச் சுருவம் பலகையில் படும் "டொக்" என்ற சத்தம் கோயில் முழுவதும் கேட்டது. அதை வைத்துச் சுவாமி ஏதாவது பிரசங்கம் செய்வார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவரோ சமாதானத்தைப் பற்றி, எழுதி வைத்திருந்ததை, நனைந்த தாளிலிருந்து சிரமப்பட்டு வாசித்து முடித்தார். பசுவைப் பற்றி ஒரு சொல் இல்லை. பாலன் அன்றைக்குக் குளிரில் கிடந்தாரா, அல்லது அதுதான் சரியா, எங்கள் பிடிகள் சேர்ந்தனவா, பசுவின் வயிற்றுக்குள் போனதால் கழிந்துவிட்டனவா என்று யாராவது சொல்வார்கள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை. முன்வரிசை வாங்கில் சவிரிமுத்து மாஸ்டர் பூசை முடியுமட்டும் இருமிக்கொண்டிருந்தார். மழைக் குளிர் என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், எடுத்தது சுவாமியா சிஸ்டரா என்று கேட்டேன். அம்மா கேக் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டு, "ரெண்டு பேருமில்ல. நான்தான் எடுத்தன். ஒருத்தருக்கும் சொல்லாத," என்றார்.

இதுவரை எழுதியது எல்லாம் எனக்கு நினைவிருப்பது, அல்லது மூன்று பேரிடமாவது கேட்டு ஒத்துப்போனது. இனி எழுதுவது ஒத்துப்போகாதது.

ஒரு காரியத்தைச் செய்ததாக ஒருவரும் ஒத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் உலக வழக்கம். பழைய காரியங்களைத் தேடி எழுதுகிறவர்கள் அதற்குப் பழகியிருக்கிறோம். செய்தது ஒருவர், "நான்தான்" என்றவர்கள் மூவர் என்றால் என்ன செய்வது? சுவாமி எடுத்திருக்க முடியாது. அன்று காலை தோணியில் போனவர் அப்போதுதான் திரும்பியிருந்தார். அவரைத் தோணியில் கொண்டுபோனவரின் மகனிடம் கேட்டு அதை நான் சரிபார்த்துவிட்டேன். சிஸ்டர் எங்களோடு சங்கிறித்திக்குள் இருந்தார். நடுவில் ஒருமுறை வெளியே போய் வந்தது நினைவிருக்கிறது, அந்த நேரம் முன்னணையை வெறுமையாக்கப் போதுமா என்பது தெரியவில்லை. அம்மா அன்று மதியம் எங்கே இருந்தார் என்று என்னிடம் ஒரு குறிப்பும் இல்லை. ஆனால் முதல்நாள் மாலை "பாலன்ர சாமான்" என்று சொன்னவர் மறுநாளே அதை அள்ளினார் என்றால், இடையில் அவருக்கு என்ன நடந்தது? கடைசிக் காலம்வரை கேட்டேன். "எத்தினை தரம் சொல்லுற? நான்தான்," என்பார். எப்படி எடுத்தீங்க, சாக்கிலா, கையாலா என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

சில ஆண்டுகளுக்கு முன், வயதான கன்னியர் தங்கும் மடமொன்றில் சிஸ்டரைக் கண்டேன். கண் மங்கியிருந்தாலும் நினைவு மங்கவில்லை. படத்தைக் கையில் கொடுத்து, ஆண்டு என்ன என்று கேட்டேன், தெரியாது என்றார். எடுத்தது நீங்களா என்று கேட்டேன்.

"நான்தான் எண்டு சொன்னனான்," என்றார்.

"எடுத்தீங்களா சிஸ்டர்?"

"அது வேற கேள்வி," என்று சிரித்தார். பிறகு, "நான் வச்ச சட்டம் என்ன, மறந்திட்டியா?" என்றார்.

நான் மறக்கவில்லை. வீடு வரும்வரை பஸ்ஸில் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். செய்த உதவியைச் சொல்லக் கூடாது என்பது சட்டமானால், சொன்ன மூவரும் கணக்கிலிருந்து கழிகிறார்கள். சொல்லாமல் இருந்தவர் யார்? கோயிலில் நின்ற எல்லோரும். அப்படியானால் நான் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறேன். ஆனாலும் எனக்கு அந்த இருமல் நினைவுக்கு வந்தது. வைக்கோல் சாக்குக்குப் பக்கத்திலேயே வராத மனிதர், நடுக் கோயிலில் முன்னணை வெறுமையாக இருப்பதை முதலில் கண்டவர், "ஆர் எடுத்த?" என்று அவ்வளவு உரத்துக் கேட்டவர், இரண்டு பேர் "நான்தான்" என்றதும் விசாரணையை அப்படியே விட்டுவிட்டு மணி அடிக்கப் போனவர். அடுத்த மாரியில் உதவிக் குழுவின் சாமான் அறையில், அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில், ஒரு சாக்குப் புண்ணாக்கு இருந்ததை நான் என் கண்ணால் கண்டேன். யாருக்கு என்று கேட்டதற்கு, "முறை எண்டா எல்லாத்துக்கும் இருக்க வேணும்," என்று மாஸ்டர் சொன்னார் என்பது அம்மா சொன்ன தகவல்.

மறுபக்கம், அந்த ஈர நாட்களில் ஊரில் பாதிப்பேர் இருமினார்கள் என்பதையும் நான் குறித்தாக வேண்டும்.

வெள்ளம் வடிந்ததும் வள்ளிப்பிள்ளை மாமி பசுவையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு வட்டைக்குத் திரும்பினார். தைப்பொங்கலன்று ஒரு செம்பு பால் கோயிலுக்கு வந்தது. அதைக் கோயிலில் எதற்குப் பயன்படுத்துவது என்று தெரியாமல் சுவாமி சிஸ்டரிடம் கொடுக்க, சிஸ்டர் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். அதில் எனக்கும் ஒரு கோப்பை கிடைத்தது. என்னுடைய பிடி சுற்றிக்கொண்டு எனக்கே வந்துவிட்டதா என்று அன்றும் யோசித்தேன். இன்றும் அந்தக் கணக்கு எனக்குச் சரிவரவில்லை.

சென்ற நத்தாருக்கு எங்கள் கோயிலில் குடில் முன்னையதைவிட அழகாக இருந்தது. மின்விளக்குகள் நிறம் மாறி மாறி எரிந்தன. முன்னணையில் கடையில் வாங்கிய பொன்னிறக் காகித நார். பிள்ளைகள் பிடி போடுவது எப்போது நின்றது என்று கேட்டேன், யாருக்கும் திகதி தெரியவில்லை. பார்சல்கள் முன்னையதைவிடப் பெரியவை. வாங்குகிறவர்களையும் கொடுக்கிறவர்களையும் நிற்கவைத்துப் படம் எடுத்து முகநூலில் போடுகிறார்கள். அதைப் பார்த்து வெளிநாட்டிலுள்ளவர்கள் இன்னும் அனுப்புகிறார்கள், அதனால் இன்னும் பலருக்குக் கிடைக்கிறது. சிஸ்டரின் சட்டத்தோடு இதை வைத்துப் பார்த்தால் எது சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. படத்தில் பார்சலோடு நிற்கும் பெண்களின் முகங்களில் நான் வள்ளிப்பிள்ளை மாமியைத் தேடுகிறேன். இரண்டு கையாலும் வாங்குகிற விதம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அம்மாவின் படத்தை ஒரு புதிய உறைக்குள் போட்டு, உறையின்மேல் எனக்குத் தெரிந்ததை எழுதி வைத்திருக்கிறேன். இடம், மாதம், நாள் எழுதியாகிவிட்டது. ஆண்டுக்கு நேரே கேள்விக்குறி. முன்னணையை வெறுமையாக்கியவர் என்ற இடத்தில், சுவாமி, சிஸ்டர், அம்மா என்று மூன்று பெயரையும், அவர்கள் சொன்னபடியே, எழுதினேன். நான்காவதாகச் சவிரிமுத்து மாஸ்டரின் பெயரையும் எழுதிவிட்டு, அவர் உயிரோடு இருந்தவரை தான் எடுத்ததாக ஒருவருக்கும் சொன்னதில்லை என்பதையும், எடுக்கவில்லை என்றும் சொன்னதில்லை என்பதையும் சேர்த்து, அடைப்புக்குள் குறித்திருக்கிறேன்: உறுதிப்படுத்தப்படவில்லை.